மாமா குதிக்காத பாலம்

என் வயதுக்காரர்களே, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற கூட்டத்தாரே, கொஞ்சம் இப்படி வந்து இருங்கள். நீங்களும் என்னைப் போல எண்பதுகளில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிட்னியில் வந்து இறங்கியவர்கள்தான். கல்யாண வீடுகளில் நம்மையெல்லாம் ஒரே மேசையில் இருத்தினால் நீங்கள் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்கு இடியப்பம் கொண்டுபோய் மானம் போன கதையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! என் முறை வரும்போது தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல எழுந்து போய்விடுவேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கோடைகாலத்தின் கதை. சிரிப்பதற்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதை முழுவதும் சொன்னால் அந்த மேசையில் பிறகு யாரும் சாப்பிட மாட்டீர்கள்.

எண்பத்தைந்தின் கடைசியில் நாங்கள் சிட்னியின் புறநகரான லிட்கத்தில் இருந்தோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில், மெல்லிய சிமெந்துத் தகட்டில் கட்டிய ஒரு ஃபைப்ரோ வீடு. அதன் பின்பாதி எங்களுக்கு வாடகைக்கு: இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே கக்கூஸ். வெயில் ஏறினால் சுவரில் கை வைக்க முடியாது. முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. முன்பாதியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், அந்தக் கொதிக்கிற வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவர். அவரைத் தாண்டிப் போனால் பாச்சை உருண்டையும் புகையிலையும் கலந்த மணம் வரும். அவர் பேசுகிற ஆங்கிலம் எங்கள் அப்பாவுக்கே பாதிதான் விளங்கியது. அப்பா யாழ்ப்பாணத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார்.

வீட்டுக்காரர் யார் என்று தெரியாமலே பல மாதம் அங்கே இருந்தோம். ஒருநாள் அவருடைய பக்கத்தில் பல்பு மாற்றிக் கொடுக்கப் போன அப்பா, முகமெல்லாம் வியர்த்து, ஓடிவந்து குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சேரும், இந்த மனிசன் ஆரெண்டு தெரியுமே உமக்கு?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஆர்? வாடகைக் காசு கேட்டு வந்து நிக்கிற மனிசன்தானே?"

"எங்கட பள்ளிக்கூட லைப்ரரியில இருந்த கதைப் புத்தகம் முழுக்க இவர் எழுதினதப்பா! நான் படுக்கைக்குக் கீழ ஒளிச்சு வைச்சு வாசிச்ச புத்தகம். கடவுளே, அந்த மனிசன்ர வீட்டுக் கக்கூஸையெல்லோ நாங்கள் கழுவுறம்!"

அம்மா வெங்காயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது பெருமையா, சிறுமையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அப்பா அவரை மரியாதையோடு 'சேர்' என்று கூப்பிடத் தொடங்கினார். தொழிற்சாலையில் மேலாளரைக்கூட அப்பா சேர் என்று சொன்னதில்லை.

டிசம்பரில் தொடங்குகிற அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் அவருடைய விறாந்தையில்தான் கிடந்தேன். வேறு எங்கே போவது? எனக்கு அங்கே சிநேகிதிகள் இல்லை. உள்ளே ஒரு தட்டு நிறைய அவருடைய புத்தகங்கள். அட்டையில் எரிகிற கப்பல், வாயில் கத்தியைக் கவ்விய மனிதன், முதலை. எழுதுகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்திருந்து எழுதுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் துணி இஸ்திரி போடும் மேசையை விறாந்தையில் விரித்து, அதன்மேல் தட்டச்சுப் பொறியை வைத்து, நின்றுகொண்டே எழுதினார். ஏன் என்று கேட்டேன்.

"நான் இருந்துகொண்டு எழுதினால் கதையில் வருகிறவர்களும் இருந்துவிடுவார்கள்," என்றார். "இருக்கிறவனைப் பற்றி யார் படிப்பார்கள்?"

ஒரு வரியை எழுதுமுன் கைத்தடியை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்து உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வரியை வெட்டிவிடுவார். அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை யாராவது தண்ணீரில் விழ வேண்டும். கடலோ, ஆறோ, கிணறோ, ஏதோ ஒன்று. வாசகன் கொட்டாவி விடுகிற நேரம் அதுதான், அப்போது ஆளைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் விழித்துக்கொள்வான் என்பார். அவருடைய எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் ஓடின.

இவ்வளவு தண்ணீர் எழுதிய மனிதருக்கு நீந்தத் தெரியாது. அப்பா பழைய டட்சன் காரை வாங்கிய புதிதில் எங்களோடு அவரையும் ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மணலில் துண்டை விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டார். மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, ஆனால் விடவில்லை. "நீங்கள் நீந்துவதில்லையா?" என்று கேட்டேன். "அதற்குத்தான் என் ஆட்கள் இருக்கிறார்களே," என்றார். அப்பா பெரிய பகிடியைக் கேட்டவர் போலச் சிரித்தார்.

அவருடைய சீவியம் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியும். பிறந்தது கடலே இல்லாத ஒரு நிலக்கரி ஊர். மீசை அரும்பிய பிறகுதான் கடலைப் பார்த்தாராம். உலக யுத்தம் முடிந்து சிட்னிக்குக் கப்பலில் வந்தபோது வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு படுக்கையிலேயே கிடந்தாராம். இங்கே ரயில்வேயில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கிற அறையில் வேலை. குடை, பொய்ப்பல், ஒற்றைச் சப்பாத்து. ஒரு குடையைக் கையில் எடுத்தால் அதன் சொந்தக்காரன் எந்தத் தீவிலிருந்து தப்பி ஓடியிருப்பான் என்று யோசிப்பாராம். காலையில் எழுதிவிட்டு வேலைக்குப் போய், பென்ஷன் எடுக்கும்வரை அப்படியே. மனைவி செத்துப்போனார், பிள்ளைகள் இல்லை. இப்படிப்பட்ட கதையை இனி யாரும் வாங்குவதில்லை என்று பதிப்பகத்தார் சொல்லிப் பல வருடமாயிற்று. அப்படியிருந்தும் அவர் ஒவ்வொரு காலையும் இஸ்திரி மேசையை விரித்தார். அப்போது அது எனக்கு வீரமாகத் தெரிந்தது.

அம்மா கிழமையில் இரண்டு மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவார். கொடுத்த கோப்பையை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவரும் கோப்பையைக் கழுவி இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் திருப்புவார். மரம் எங்கள் பக்கத்தில் நின்றது. எங்கள் பழத்தையே பறித்து எங்களுக்கே தருகிறார் என்று அம்மா சிரிப்பார். அம்மா சிரித்த காலம் அது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, மா, சீனி நிறுத்துக் கொடுக்கிற வேலை. மெலிந்த ஆள், வெட்கம் அதிகம், யாரோடும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். என்னைத் தராசுத் தட்டில் இருத்தி ஆட்டியது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவரை எப்படியாவது இங்கே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருடம் அம்மாவின் மூச்சும் பேச்சும். அப்பா ஸ்பொன்சர் பத்திரங்களை நிரப்பத் தொடங்கியிருந்தார். ஊரில் மாமாவுக்கு என்ன ஆபத்து என்று ஒரு வாக்குமூலம் எழுதிச் சேர்க்க வேண்டும். கொழும்பில் தூதரகத்துக்கு மாமாவை நேரில் கூப்பிட்டும் விசாரிப்பார்கள்.

மாமா நடந்ததைச் சொல்லி ஒரு கசட் அனுப்பினார். அந்த நாளில் நாங்கள் கடிதத்தைவிட கசட்டைத்தான் நம்பினோம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மிளகாய்த்தூள் பார்சலோடு கொண்டுவந்து தந்தார். கசட்டே மிளகாய் மணத்தது. குசினி மேசையில் ரேடியோவை வைத்து, மூன்று பேரும் சுற்றி இருந்து கேட்டோம். முதலில் ஒரு காகம் கத்தியது. அம்மா அந்தக் காகத்துக்கே அழத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, அத்தான், சுகமோ? நான் சுகம். அண்டைக்கு ஆமி வந்து ஒழுங்கையைச் சுத்தி வளைச்சுப்போட்டாங்கள். பெடியள் எல்லாரையும் பிடிச்சு லொறியில ஏத்தினவங்கள். நான் பின்வளவு ஆட்டுக்கொட்டிலுக்குள்ள போய்ப் படுத்திட்டன். ஆடு மேல ஏறி நிண்டது, நான் அசையேல்லை. பொழுதுபட வெளிக்கிட்டு, பரவைக்கடல் ஓரமா நடந்தனான். வத்து நேரம், முழங்காலளவு தண்ணிதான், ஆனா சரியான சேறு. செருப்பு புதுசு எண்டபடியா கையில பிடிச்சுக்கொண்டு நடந்தன். நல்லாப் பயந்துபோனன் அக்கா. வயித்தாலயும் போயிட்டுது. விடிய பெரியம்மா வீட்டை போய்ச் சேந்திட்டன். லொறியில கொண்டுபோன ஒருத்தரும் திரும்பேல்லை."

இவ்வளவுதான். கடைசியில் என் பெயரைச் சொல்லி, பிள்ளை எவ்வளவு நிறை இருப்பாள் இப்ப என்று கேட்டிருந்தார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். அப்பா போடவில்லை. அவர் முகம் கோணலாகியிருந்தது. "ஆட்டுக்கொட்டில், வயித்தால போனது, செருப்பு," என்றார். "இதுகளை எழுதினா ஆர் விசா குடுப்பான்?"

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து கணக்காளர் அங்கிள் ஒருவர் வருவார். பலபேருக்கு இந்தப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்த அனுபவம் உள்ளவர். அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி, "மாஸ்டர், நடந்ததை நடந்தமாதிரி எழுதுங்கோ. ஒரு பக்கம் எழுதினாலே காணும். அங்க தம்பியையும் கூப்பிட்டுக் கேப்பினமெல்லோ," என்றார். அப்பா தலையாட்டினார். அவர் போனதும், "கணக்குப் பார்க்கிறவனுக்கு இங்கிலிஷைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நல்ல ஆங்கிலத்துக்கு முன்னால் எந்த அரசாங்கக் கந்தோரும் எழுந்து நிற்கும் என்று எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே நம்பியது. மனு எழுதத் தெரிந்தவன் வீட்டு வாசலில் சனம் காத்து நின்ற ஊர் அது. அப்பா அந்த நம்பிக்கையைப் பெட்டியில் மடித்து வைத்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார். பிஸ்கட் தொழிற்சாலைகூட அதை அவரிடமிருந்து பறிக்கவில்லை. இங்கே அவருடைய சுவருக்கு அந்தப் பக்கம், அச்சில் வந்த எழுத்தாளர் ஒருவர் சும்மா இருக்கிறார்.

ஒரு ஞாயிறு பின்நேரம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விறாந்தைக்குப் போனார். நானும் போனேன். கிழவர் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றார். அப்பா கசட்டில் இருந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.

"எங்கே ஒளிந்திருந்தான்?"

அப்பா வாயைத் திறந்து, ஒருமுறை மூடி, பிறகு சொன்னார். "ஒரு பெரிய களஞ்சியத்தில், சேர்."

நான் அப்பாவை அண்ணாந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"பிறகு?"

"பிறகு கடலோரமாக நடந்து போனார்."

"நடந்தா?" கிழவருக்கு அது பிடிக்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டார். "பக்கத்தில் பாலம் ஏதும் இருக்கிறதா?"

"ஒன்று இருக்கிறது, சேர். ஆனால் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அதில் ஆமி நின்றது."

"ஆமி நின்றதா!" என்றார் கிழவர். அவர் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். பல வருடமாக யாரும் கேட்காத ஒரு கதையை யாரோ வந்து வாசலில் நின்று கேட்கிறார்கள். அவர் விறாந்தையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். பாலத்தில் வெளிச்சம் பாய்ந்தது, துப்பாக்கிச் சூடு விழுந்தது, கைத்தடி காற்றை வெட்டியது. பிறகு விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கீழே பார்த்தார். அங்கே காய்ந்த புல்தான் இருந்தது. அவருக்கு அது கறுப்புத் தண்ணீர்.

"குதிக்கிறான்," என்றார்.

"மாமாவுக்கு நீந்தத் தெரியாது," என்றேன் நான், ஆங்கிலத்தில், சத்தமாக.

அப்பா என் தோளை அழுத்தினார். "பெரியாக்கள் கதைக்கேக்க வாய் வைக்கிறேல்லை. உள்ள போ."

நான் போகவில்லை. அப்பா ஒரு தரம் தயங்கி, "சேர், அவர் உண்மையில்..." என்று தொடங்கினார். கிழவர் கையை உயர்த்தினார். "நண்பரே, உங்கள் மைத்துனர் பயந்தார், தப்பினார். அது உண்மை. அந்தப் பயத்தை ஒரு கந்தோர்க்காரன் தன் வயிற்றில் உணர வேண்டும். அதைச் செய்யத்தான் எனக்குத் தெரியும்." பிறகு தட்டச்சுப் பொறி சடசடவென்று ஓடியது. அவர் வஞ்சகம் ஒன்றும் நினைக்கவில்லை. காசு வாங்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை முழுமனதோடு செய்தார். அதனால்தான் அவரை முழுதாக வெறுக்கக்கூட எனக்கு முடியவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். மாமா பாலத்திலிருந்து குதிக்கிறார், சூடுகள் தண்ணீரைக் கிழிக்கின்றன, மூச்சை அடக்கி அடியில் நீந்துகிறார், அக்கரையில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கிடக்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"என்ர தம்பியோ இவன்?"

"உம்மட தம்பிதான்."

"அவன் இப்பிடியெல்லாம் செய்யேல்லையேயப்பா."

"செய்யேல்லைத்தான். ஆனா அவன் தப்பினது உண்மைதானே? கந்தோருக்குப் போற கடுதாசி கொஞ்சம் நிமிந்து நிக்க வேணுமப்பா."

அம்மா இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. கண்ணில் நீர் வழிய, முகத்தில் ஒரு பெருமை வந்து இருந்தது. சங்கக்கடையில் சீனி நிறுத்த தம்பியை இப்படி யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

வாக்குமூலம் போயிற்று. ஒரு பிரதியை அப்பா மாமாவுக்கும் அனுப்பினார். மாமா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அதோடு கசட்டும் போயிற்று. வந்த கசட்டிலேயே பதிலைப் பேசி, முதலில் இருந்ததை அழித்துத் திருப்பி அனுப்புவதுதானே நம் எல்லோர் வீட்டு வழக்கமும்! மாமாவின் குரலுக்கு மேலே எங்கள் குரலைப் பதிந்தோம். அப்பா அலுவல்களைச் சொன்னார். அம்மா குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் என் நிறையைச் சொன்னேன். ஆட்டுக்கொட்டிலும் சேறும் கையில் பிடித்த செருப்பும் அதற்கு அடியில் அழிந்துபோயின. வேறு சாட்சி கிடையாது.

கோடை முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, காலையில் குளிரத் தொடங்கியபோது மறுப்புக் கடிதம் வந்தது. அப்பா தொழிற்சாலை உடுப்போடு நின்றபடி அதைப் படித்தார். விண்ணப்பக்காரரின் வாய்மொழியும் வாக்குமூலமும் முற்றாக முரண்படுகின்றன, நம்பத்தக்கதாக இல்லை என்று இருந்தது. அந்த ஆங்கிலம் மிகவும் எளிமையாக இருந்ததால் எனக்கே விளங்கியது. அதிகாரிமேல் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு முன்னால் கடுதாசியில் ஒருவன், நேரில் ஒருவன் என்று இரண்டு ஆட்கள் நின்றார்கள், எவனை நம்புவார்?

பின்னாலேயே மாமாவின் கசட் வந்தது. இந்தமுறை காகம் இல்லை. கொழும்பு லொட்ஜ் ஒன்றின் மின்விசிறிச் சத்தம்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. நான் பிழையாச் சொல்லிப்போட்டன் போல. பாலத்தில இருந்து எப்பிடிக் குதிச்சனீர் எண்டு கேட்டினம். நான் பாலத்துக்குப் போகேல்லை எண்டு சொன்னன். எவ்வளவு தூரம் நீந்தினனீர் எண்டு கேட்டினம். எனக்கு நீந்தத் தெரியாது ஐயா எண்டிட்டன். பிறகு அந்தாள் பேனையை மூடி வைச்சிட்டார். அத்தான் அனுப்பின கடுதாசியை நான் வடிவா வாசிக்கேல்லை, நீளமா இருந்தது. முந்தியே தெரிஞ்சிருந்தா குதிச்சதெண்டே சொல்லியிருப்பன். அக்காவை ஏச வேண்டாம். என்ர பிழைதான். நாளைக்கு ரெயிலெடுத்து ஊருக்குப் போறன், இஞ்ச லொட்ஜில கனநாள் வைச்சிருக்க மாட்டினம். பிள்ளையைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

உண்மையைச் சொன்னதற்கு அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கசட்டுக்கு மேல் மட்டும் யாரும் எதையும் பதியவில்லை. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசியில் நாடா ரேடியோவுக்குள் சிக்கிக் கசங்கிப்போனது. அப்பா பென்சிலால் சுற்றிப் பார்த்தார். சரிவரவில்லை.

கசட் வந்த அன்று பின்நேரம் அப்பா முன்பக்கம் போய்க் கிழவரிடம் சொன்னார். சண்டை பிடிப்பார் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சண்டை இல்லை. கிழவர் "அவன் ஏன் இல்லை என்று சொன்னான்?" என்று கேட்டார். அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. அவருடைய ஆட்கள் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. இன்னொன்று எழுதித் தருகிறேன், இன்னும் பலமாக, என்றார். அப்பா "நன்றி, சேர்," என்றார். அந்த நிலையிலும் சேர் என்றார். பாவி மனிதர்.

அம்மா கிழவருக்குச் சாப்பாடு கொடுப்பதை நிறுத்தினார். சில நாள் கழித்து எங்கள் பின்வாசல் படியில் ஒரு கோப்பை இருந்தது, நாங்கள் எப்போதோ கொடுத்தது. கழுவித் துடைத்து, வழக்கம்போல இரண்டு எலுமிச்சம்பழம். அம்மா அதைத் தொடவில்லை. எங்களையும் தொட விடவில்லை. பழம் இரண்டும் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்து அந்தப் படியிலேயே கிடந்தன. விறாந்தையில் தட்டச்சுப் பொறியின் சத்தமும் நின்றுவிட்டது. குளிர்காலம் முடியுமுன் நாங்கள் ஹோம்புஷுக்கு வீடு மாறினோம்.

அடுத்த வருடம், ஒருநாள் காலை மாமா சைக்கிளில் சங்கக்கடைக்கு வெளிக்கிட்டார். கடைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. யார் பிடித்தார்கள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பெரியம்மா எழுதிய கடிதத்தில், "நல்ல செருப்பு மட்டும் வீட்டில இருக்குது," என்று இருந்தது. அம்மா வாங்கி வைத்த கம்பளிச் சட்டை அலுமாரியில் பாச்சை உருண்டை போட்டு அப்படியே இருந்தது. திறந்தால் கிழவரின் மணம் வரும்.

கிழவர் செத்ததையும் நாங்கள் தற்செயலாகத்தான் அறிந்தோம். நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய காலம். லிட்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு அப்பா பழைய தெருவால் காரை விட்டார். வீட்டுக்கு முன்னால், நகரசபை லொறி வந்து அள்ளிப்போவதற்காகச் சாமான்களைக் குவித்திருந்தார்கள். இஸ்திரி மேசை கால் மடங்கிக் கிடந்தது. மழையில் ஊறிப் பருத்த புத்தகங்கள், எரிகிற கப்பல், முதலை. அப்பா காரை நிறுத்தி இறங்கிப் போனார். குனிந்து ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தார், பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. திரும்ப அதே இடத்தில், அட்டை மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு அப்பா ஆங்கிலப் புத்தகம் எதையும் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. சாகும்வரை அம்மாவிடம் மாமாவின் பெயரையும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

அம்மாவின் வழி வேறு. வீட்டுக்கு வருகிற அன்ரிமாருக்குத் தன் தம்பியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆட்டுக்கொட்டில் இருந்தது. பிறகு அது போயிற்று. மெல்ல மெல்லப் பாலம் வந்தது, வெளிச்சம் வந்தது, சூடு வந்தது. "மூச்சை அடக்கிக்கொண்டு அடியால நீந்திப் போனவன் என்ர தம்பி," என்பார். அன்ரிமார் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் திருத்தினேன். "அம்மா, மாமாவுக்கு நீந்தத் தெரியாது." ஒருநாள் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திவிட்டேன். பாலத்திலிருந்து குதித்தவன் எங்கேயோ கரையேறியிருப்பான். நடந்து போனவனுக்கு அப்படி ஒரு கரை அம்மாவிடம் இல்லை.

ஊரில் யுத்தம் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் உங்கள் வீடுகளிலும் ரீவி அணையாமல் ஓடியிருக்கும். எங்கள் வீட்டிலும் ஓடியது. அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, மாமாவின் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். திரையில் சனம் பரவைக்கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீர். தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல். அம்மா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ள அவன் இருக்க மாட்டான்," என்றார். "அவன் நீந்தியெல்லோ போவான்."

நான் ரீவிக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்துகொண்டேன். ஒரு முகம் விடாமல் பார்த்தேன். எல்லோரும் நடந்துதான் வந்தார்கள். ஒருவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.